மகனுக்கு வந்த உத்தியோகம்

ராத்தாவிடம் கேளுங்கள்

"அன்புள்ள ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். என் மூத்த மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சித்தியடைந்து ஒரு வருடமாக வேலை தேடித் திரிந்தான். இப்போது கொழும்பில் ஒரு கம்பனியில் எடுத்திருக்கிறார்கள். குளிரூட்டிய கந்தோர், நல்ல சம்பளம், இரவில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட வாகனமும் உண்டாம். வெளிநாட்டில் உள்ள விளையாட்டுப் பந்தயக் கம்பனி ஒன்றுக்கு இங்கிருந்து வேலை செய்து கொடுக்கும் இடம் என்று பிறகுதான் தெரிந்தது. 'நான் பந்தயம் கட்டப் போவதில்லை உம்மா, கணனியில் இலக்கம் அடிப்பதுதான் என் வேலை' என்கிறான். அவனுடைய வாப்பா வருத்தக்காரர். அவனுக்குக் கீழே இரண்டு பெண் பிள்ளைகள். அங்கே உள்ளே என்னதான் நடக்கிறது, ராத்தா? அந்தச் சம்பளத்தை நான் கையில் வாங்கலாமா?"

— ஓர் உம்மா, கண்டி மாவட்டம்

வஅலைக்குமுஸ்ஸலாம், தங்கச்சி. பிள்ளையின் சம்பளம் எவ்வளவு என்று கேட்டதோடு நின்றுவிடாமல், அது எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அல்ஹம்துலில்லாஹ். இதே கேள்வி இன்று பல வீடுகளில் இருக்கிறது. சில இடங்களில் மகனைப் பற்றி, சில இடங்களில் புருஷனைப் பற்றி, சில இடங்களில் பேசி வந்திருக்கும் மாப்பிள்ளையைப் பற்றி. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். "ஹராம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் மகன் உங்களோடு வாதாடுவான். அந்த வேலை என்ன என்பதை நீங்கள் விளங்கி வைத்துக் கொண்டால், ஆறுதலாக உட்கார்ந்து பேசலாம்.

புக்கிக் கடையும் புதிய கந்தோரும்

பந்தயம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது நகரத்துச் சந்தியில் இருக்கும் புக்கிக் கடைதான். இங்கிலாந்தில் ஓடும் குதிரைக்கு இங்கே நம்மவர்கள் பணம் கட்டுகிறார்கள். கண்ணால் கண்டிராத குதிரை, போயிராத மைதானம்! பிரித்தானியாவில் தெருக்களில் இத்தகைய கடைகளைத் திறக்கச் சட்டம் இடம் கொடுத்தது 1961 ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னர் சந்து பொந்துகளில் ஆள் வைத்துத்தான் பந்தயப் பணம் சேர்த்தார்கள். நம் நாட்டில் புக்கிகளிடமிருந்து அரசாங்கம் வரி அறவிடுவதற்கு 1988 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது. சூதாட்டத் தொழிலை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபையை அமைக்கும் சட்டத்தை 2025 இல் பாராளுமன்றம் நிறைவேற்றியது.

கடையில் நாம் காண்பது காசாளரையும் துண்டு எழுதுபவரையும் மட்டுமே. இன்றைய பெரிய வியாபாரமோ கடையில் இல்லை, கைத்தொலைபேசியில் இருக்கிறது. ஐரோப்பாவில் ஒருவன் கட்டிலில் படுத்துக் கொண்டே பந்தயம் கட்டுகிறான். அந்தப் பந்தயத்துக்கு விலை போடுபவர், கணக்குப் பார்ப்பவர், அவனுடைய முறைப்பாட்டுக்குப் பதில் சொல்பவர் எல்லோரும் உலகின் எந்த மூலையிலும் இருக்கலாம். கொழும்பில் ஒரு மாடிக் கட்டிடத்திலும் இருக்கலாம். உங்கள் மகனுக்கு வந்திருப்பது அத்தகைய இடம் என்றே உங்கள் கடிதத்திலிருந்து விளங்குகிறது.

விலை என்னும் கணக்கு

அந்தக் கந்தோரின் முதல் வேலை விலை போடுவது. ஓர் ஆட்டத்தில் யார் வெல்லுவார் என்பதற்கு ஒரு விலை குறிப்பார்கள். இதை விளங்கிக் கொள்ளக் கணிதம் படித்திருக்கத் தேவையில்லை. கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி மிச்சக் காசு எண்ணத் தெரிந்தால் போதும்.

ஒரு நாணயத்தைச் சுண்டுகிறோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். தலையோ பூவோ, இரண்டுக்கும் சமமான வாய்ப்பு. நியாயமான பந்தயம் என்றால் ஆயிரம் ரூபா கட்டியவன் வென்றால் இரண்டாயிரம் திரும்பக் கிடைக்க வேண்டும். பந்தயக் கம்பனி அப்படிக் கொடுக்காது. ஆயிரத்துக்கு 1,900 தருகிறேன் என்று சொல்லும். ஒருவர் தலைக்கு ஆயிரம் கட்டுகிறார், மற்றவர் பூவுக்கு ஆயிரம் கட்டுகிறார். கம்பனியின் கையில் இரண்டாயிரம். எது விழுந்தாலும் கொடுக்க வேண்டியது 1,900 மட்டுமே. நூறு ரூபா மிச்சம். தலை விழுந்ததா, பூ விழுந்ததா என்று கம்பனிக்குக் கவலையே இல்லை!

இன்னுமொரு தந்திரம் இருக்கிறது. நாலு ஆட்டங்களைச் சேர்த்து, நாலிலும் வென்றால் பெரிய தொகை என்று ஆசை காட்டுவார்கள். நாலுமே நாணயம் சுண்டுவது போன்ற சமமான ஆட்டங்கள் என்றால், நூறு ரூபாவுக்கு நியாயமாக 1,600 கிடைக்க வேண்டும். கம்பனி கொடுப்பது ஏறத்தாழ 1,303 ரூபா. தனி ஆட்டத்தில் நூற்றுக்கு ஐந்தாக இருந்த கம்பனியின் பங்கு இங்கே நூற்றுக்குப் பதினெட்டைத் தாண்டிவிடுகிறது. சிறிய பணத்தில் பெரிய கனவு காண்கிறவர்கள் கட்டுவது இந்தச் சேர்த்துக் கட்டும் பந்தயத்தைத்தான். அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள் என்பதை நான் சொல்லித்தானா நீங்கள் அறிய வேண்டும்?

"புக்கியும் சில நேரம் தோற்கிறானே" என்று மகன் கேட்கலாம். உண்மைதான். இங்கிலாந்தின் உதைபந்தாட்ட முதல்தரப் போட்டியில் லெஸ்டர் சிட்டி என்ற அணி 2016 இல் வெற்றிக் கிண்ணத்தைத் தூக்கியது. அந்தப் பருவம் தொடங்கும்போது அந்த அணிக்கு ஒன்றுக்கு ஐயாயிரம் என்று விலை போட்டிருந்தார்கள். வென்றவர்களுக்குக் கம்பனிகள் பெருந்தொகை கொடுக்க வேண்டி வந்தது. ஆனால் அதனால் பந்தயத் தொழில் ஆட்டம் காணவில்லை. ஒரு பிழையான விலையின் நட்டத்தை, மற்ற ஆயிரக்கணக்கான விலைகளில் வரும் மிச்சம் ஈடு செய்துவிடும். ஒருவனுக்கு விழும் பெரிய தொகையைப் பத்திரிகையில் படம் போட்டுக் காட்டுவார்கள். அதே நாளில் தோற்ற இலட்சம் பேருடைய படத்தை யாரும் போடுவதில்லை.

ஆக, அங்கே அதிர்ஷ்டத்தை நம்பியிருப்பவன் வாடிக்கையாளன் மட்டுமே. உள்ளே இருப்பவர்கள் கணக்கை நம்பியிருக்கிறார்கள். கணிதம் படித்த பிள்ளைகளைத் தேடி எடுப்பதன் காரணமும் இதுதான்.

ஆட்டம் நடக்கும்போது

முன்பு பந்தயம் ஆட்டம் தொடங்குமுன் முடிந்துவிடும். இப்போது ஆட்டம் நடந்து கொண்டிருக்கும்போதே பந்தயம் கட்டலாம். அடுத்த பந்தில் விக்கெட் விழுமா, அடுத்த கோலை யார் அடிப்பார் என்று நிமிடத்துக்கு நிமிடம் விலை மாறுகிறது. இதற்காக மைதானத்தில் ஆள் வைத்துத் தகவல் அனுப்புகிறார்கள். நம் வீட்டுத் தொலைக்காட்சியில் வரும் காட்சி மைதானத்தில் நடப்பதற்குச் சில வினாடிகள் பிந்தியது. அந்தச் சில வினாடிகளே அவர்களுக்குப் பொன். மைதானத்தில் ஏதாவது பெரிதாக நடந்தால் விலையை உடனே மூடி, புதிய விலையுடன் திறப்பார்கள். இந்தத் திரைகளைக் கண் இமைக்காமல் பார்த்திருப்பதுதான் "ட்ரேடிங்" என்று சொல்லப்படும் வேலை. வர்த்தகம் என்ற சொல்லைக் கேட்டு ஏற்றுமதி இறக்குமதி என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் முடிவுகளைப் பதிந்து, வென்றவர் கணக்கில் பணம் சேர்க்கும் பிரிவு உண்டு. புதிதாகச் சேருபவரின் அடையாள அட்டையையும் வயதையும் சரிபார்க்கும் பிரிவு உண்டு. சந்தேகமான பந்தயங்களைக் கவனித்து அறிவிக்கும் பிரிவும் உண்டு. எல்லாமே ஒழுங்கான, மூளை பாவிக்கும் வேலைகள். அங்கே வேலை செய்பவர்கள் தடியர்களோ கள்ளர்களோ அல்லர். நம்மைப் போல வீட்டில் உம்மாவும் பிள்ளைகளும் உள்ளவர்கள்தாம். மகனிடம் பேசும்போது இதை மறந்து பேசினால், "உம்மாவுக்கு ஒன்றும் தெரியாது" என்று அவன் எழும்பிப் போய்விடுவான்.

வெல்பவனுக்கு ஒரு முகம், தோற்பவனுக்கு ஒரு முகம்

தங்கச்சி, நான் சொல்லப் போவதில் மிக முக்கியமானது இதுதான். சாதாரணக் கடையில் நல்ல வாடிக்கையாளர் யார்? சாமானின் தரம் அறிந்து, விலை பேசி வாங்கிப் பயன் பெறுபவர். அவரைக் கடைக்காரர் மதிப்பார். பந்தயக் கம்பனியில் தலைகீழ். ஆட்டத்தை நன்றாக அறிந்து, கம்பனியின் விலையில் உள்ள பிழையைக் கண்டு தொடர்ந்து வெல்லுகிறவனை உள்ளே இருப்பவர்கள் குறித்து வைப்பார்கள். அவன் கட்டக் கூடிய தொகையைச் சில ரூபா அளவுக்குக் குறைத்துவிடுவார்கள். சில வேளை கணக்கையே மூடிவிடுவார்கள். பிரித்தானியப் பந்தயக் கம்பனிகள் இப்படிச் செய்வது எல்லோரும் அறிந்த விஷயம்.

தொடர்ந்து தோற்பவனுக்கோ உபசாரம்! அவன் சில நாட்கள் வரவில்லை என்றால் இலவசப் பந்தயம் அனுப்புவார்கள். பெருந்தொகை தோற்பவனைக் "கௌரவ வாடிக்கையாளர்" ஆக்கி, அவனோடு பேசுவதற்கென்றே ஒரு முகாமையாளரை வைப்பார்கள். பிறந்த நாளுக்கு வாழ்த்து, உதைபந்தாட்டத்துக்கு நுழைவுச் சீட்டு என்று எல்லாம் வரும். தன் வீட்டுப் பணத்தை அழிப்பவனை உற்ற நண்பனைப் போலத் தொலைபேசியில் நலம் விசாரிப்பது அங்கே ஓர் உத்தியோகம்!

இதன் தீமை பெரிதாகிப் போனதால் பிரித்தானிய அரசாங்கமே கையைக் கட்டிக் கொண்டிருக்க முடியவில்லை. பந்தயக் கடைகளில் வைத்திருந்த ஒருவகைச் சூதாட்ட இயந்திரத்தில் ஒரு தடவைக்கு 100 பவுண் வரை கட்டலாம் என்றிருந்ததை 2019 இல் 2 பவுணாகக் குறைத்தார்கள். கடன் அட்டையில் சூதாடுவதை 2020 இல் தடை செய்தார்கள். "என்னை உள்ளே விடாதீர்கள்" என்று சூதாடியே தன் பெயரைப் பதிந்து கொள்ளும் திட்டம் ஒன்றில் இணையவழிக் கம்பனிகள் எல்லாம் சேர வேண்டும் என்று அதே ஆண்டில் கட்டாயமாக்கினார்கள். கௌரவ வாடிக்கையாளர் விடயத்திலும் விதிகள் இறுகின. முஸ்லிம் நாடல்லாத ஒரு நாடு, வரி வருமானம் வரும் தொழில் என்றிருந்தும், இவ்வளவு வேலி போட வேண்டி வந்திருக்கிறது. அந்த வேலிக்குள் இருந்து நாம் சம்பளம் எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

வாடிக்கையாளரின் தொலைபேசிக்கும் எழுத்துக்கும் பதில் சொல்லும் பிரிவில் இருக்கும் பிள்ளைகள் படும் பாடு வேறு. வீட்டு வாடகையை இழந்தவன், மனைவிக்குத் தெரியாமல் கடன் பட்டவன் எல்லாம் நள்ளிரவில் அவர்களிடம்தான் அழுவான், ஏசுவான். அதற்கு எழுதி வைத்த பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை எடுக்க வேண்டும். இருபது வயதுப் பிள்ளையின் மனம் இதில் இரண்டில் ஒன்று ஆகும்: நோகும், அல்லது மரத்துப் போகும். மரத்துப் போவதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

"இலக்கம்தானே அடிக்கிறேன்?"

மகனுடைய வாதம் இதுதான். அவன் நாணயமாகத்தான் கேட்கிறான். அதற்கு நம் நாட்டு மண்ணில் நடந்த ஒரு விடயத்தைச் சொல்லுகிறேன். 1994 இல் கொழும்பில் கிரிக்கெட் போட்டிக்கு வந்த அவுஸ்திரேலிய வீரர்கள் மார்க் வோவுக்கும் ஷேன் வோர்னுக்கும் "ஜோன்" என்ற பெயரில் அறிமுகமான புக்கி ஒருவன் பணம் கொடுத்தான். ஒருவருக்கு 4,000 டொலர், மற்றவருக்கு 5,000 டொலர். வோவிடம் அவன் கேட்டு வாங்கியது ஆட்டத்தைத் தோற்கச் சொல்லியல்ல. ஆடுகளம் எப்படி, காலநிலை எப்படி என்ற சாதாரணத் தகவல்தான். "இதில் என்ன இருக்கிறது" என்றுதான் அவர்களுக்கும் தோன்றியிருக்கும். அவர்களுடைய கிரிக்கெட் சபை 1995 இல் இரகசியமாக அபராதம் விதித்தது. 1998 இல் விஷயம் வெளியானபோது பெரும் அவமானமாக முடிந்தது. சூதின் உலகத்தில் சாதாரணத் தகவல் என்று ஒன்று கிடையாது. ஒவ்வோர் இலக்கமும் ஒரு விலையாக மாறுகிறது. ஒவ்வொரு விலையும் யாரோ ஒருவனுடைய பையிலிருந்து பணம் எடுக்கிறது.

பந்தயக் கம்பனியில் வேலை செய்பவர் எல்லோரும் ஆட்டத்தை விலைக்கு வாங்குகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆட்டத்தில் களவு நடந்தால் அந்தக் கம்பனிகளுக்கே நட்டம். நம் நாட்டிலும் 2019 ஆம் ஆண்டின் விளையாட்டுக் குற்றத் தடுப்புச் சட்டம் ஆட்ட நிர்ணயத்துக்குப் பத்து வருடம் வரை சிறை விதிக்கிறது. நான் சொல்வது வேறு. களவே நடக்காத, அனுமதிப்பத்திரம் பெற்ற, வரி கட்டுகிற, நேர்மையான பந்தயக் கம்பனி என்றாலும் அதன் பிழைப்பு சூதுதான். அனுமதிப்பத்திரம் சட்டத்தின் குற்றத்திலிருந்து காப்பாற்றும். ஹராமை ஹலாலாக்காது.

மார்க்கம் சொல்வதை நாம் எல்லோரும் அறிவோம். அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91 ஆம் வசனங்கள் சூதை மதுவோடு சேர்த்து ஷைத்தானின் செயல் என்கின்றன. அதன் மூலம் உங்களுக்கிடையே பகைமையையும் வெறுப்பையும் உண்டாக்கவும், அல்லாஹ்வின் நினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் உங்களைத் தடுக்கவும் அவன் விரும்புகிறான் என்பது அவற்றின் கருத்து. மதுவிலும் சூதிலும் மனிதருக்குச் சில பயன்கள் உண்டு, ஆனால் பாவம் பயனைவிடப் பெரியது என்று அல்பகரா அத்தியாயத்தின் 219 ஆம் வசனமும் எடுத்துச் சொல்கிறது. சம்பளம், குளிரூட்டி, வாகனம் எல்லாம் அந்தச் "சில பயன்"களில் சேர்ந்தவைதாம். பாவத்திலும் வரம்பு மீறலிலும் ஒருவருக்கொருவர் உதவ வேண்டாம் என்று அல்மாயிதாவின் இரண்டாம் வசனம் தடுக்கிறது. தோழனைச் சூதாட வா என்று வாயால் அழைத்தவன்கூட அதற்குப் பரிகாரமாகத் தர்மம் செய்யட்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அழைப்புக்கே இப்படியென்றால், மாதச் சம்பளத்துக்கு அழைப்பதும், அதற்கு விலை எழுதுவதும் எங்கே நிற்கும்?

"நான் விட்டால் வேறொருவன் செய்வான்" என்பது இன்னொரு வாதம். செய்வான்தான். அவனுடைய கணக்கு அவனுக்கு, நம்முடைய கணக்கு நமக்கு. "தோற்பவர்கள் வெள்ளைக்காரர்கள்தானே" என்பது மூன்றாவது வாதம். அந்த வெள்ளைக்காரன் வீட்டிலும் ஒரு மனைவி, வாடகைப் பணம் எங்கே என்று தேடிக் கொண்டிருப்பாள். ஹராம் பாஸ்போட் பார்ப்பதில்லை.

நேரமும் தொழுகையும்

சம்பளத்தைத் தவிர இன்னொன்றையும் யோசியுங்கள். விளையாட்டு எப்போது நடக்கிறதோ அப்போதுதான் அங்கே வேலை. இங்கிலாந்தில் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கும் உதைபந்தாட்டம் அவர்களுடைய மாரி காலத்தில் நமக்கு இரவு எட்டரைக்குத் தொடங்குகிறது. வாரநாட்களில் அங்கே இரவு எட்டு மணி ஆட்டம் நமக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. அது முடிந்து கணக்கு மூடும்போது ஸுபஹுக்கு அண்மித்துவிடும். விளையாட்டு அதிகமாக நடப்பது சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில். றமழானில் தராவீஹ் நேரம் பெரிய ஆட்டங்களின் நேரம். பெருநாள் அன்று இறுதிப் போட்டி வந்தால் மகன் திரைக்கு முன்னால் இருப்பான். இரவு வேலை வைத்தியசாலையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் இருக்கிறது, அதில் தவறில்லை. ஆனால் இங்கே தொழுகையைத் தடுக்கும் காரியத்துக்காகவே தொழுகையை விடும் நிலை வருகிறது.

இன்னுமோர் ஆபத்து, பழக்கம். "நான் கட்ட மாட்டேன்" என்று உறுதியோடு போகும் பிள்ளை, நாள் முழுக்க விலைகளுக்கு நடுவே வாழுகிறான். தனக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும் என்ற எண்ணம் மெல்ல மெல்ல வரும். தன் கம்பனியில் கட்டத் தடை இருந்தால் வேறு கம்பனி இருக்கிறதே! நெருப்புக்குப் பக்கத்தில் பஞ்சை வைத்துவிட்டு, பஞ்சின் மீது நம்பிக்கை வைப்பது புத்தியல்ல.

இனி என்ன செய்வது?

உங்கள் கேள்விக்கு என் பதில்: இந்த உத்தியோகம் வேண்டாம், தங்கச்சி. அந்தச் சம்பளத்தைக் கையில் வாங்கும் நிலைக்கு உங்களை ஆளாக்கிக் கொள்ளவும் வேண்டாம். இது என் சொல் மட்டுமாக இருந்தால் மகனுக்குப் போதாது. உங்கள் ஊர் ஆலிமிடம், அல்லது அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் பத்வாப் பிரிவிடம், வேலையின் விபரத்தை உள்ளபடி எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். "கணனி வேலை" என்று மொட்டையாக எழுதக் கூடாது. எந்தப் பிரிவு, என்ன வேலை, யாருக்காக என்று எழுத வேண்டும். கேள்வி நேராக இருந்தால்தான் பதிலும் நேராக வரும்.

மற்றச் சகோதரிகளுக்கும் பயன்படட்டும் என்று சில கேள்விகளைக் குறிக்கிறேன். பிள்ளைக்கோ மருமகனாக வரப் போகிறவருக்கோ ஒரு புதிய கம்பனி வேலை என்றால் இவற்றைக் கேளுங்கள்.

1. இந்தக் கம்பனிக்குப் பணம் கொடுப்பது யார்? எதற்காகக் கொடுக்கிறார்கள்? பந்தயக் கம்பனியின் பெயரை விளம்பரத்தில் போட மாட்டார்கள். "ஸ்போட்ஸ் ட்ரேடிங்", "ஐ-கேமிங்", "ஸ்போட்ஸ் டேட்டா" என்ற சொற்கள் வந்தால் மேலும் விசாரியுங்கள்.

2. பலருக்கும் வேலை செய்யும் கணனிக் கம்பனியா, அல்லது பந்தயத்துக்கென்றே உள்ளதா? பத்து வாடிக்கையாளரில் ஒருவர் பந்தயக் கம்பனி என்றால் அந்தப் பங்கில் சேராமல் வேறு பிரிவில் இருக்க முடியுமா? இத்தகைய கலப்பான நிலைக்கு ஆலிமிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

3. வேலை நேரம் எது? ஜும்ஆவுக்கு விடுவார்களா?

4. ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் கட்டுப்பாடு? இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டுமா? கையெழுத்துப் போடுவதற்கு முன் வாசியுங்கள்.

மகனிடம் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லி, வீட்டில் சும்மா இருக்க வைத்துவிடாதீர்கள். அவனை அந்தக் கம்பனி ஏன் எடுத்தது? கணக்கு வேகம், ஆங்கிலம், பொறுமை. அந்த மூன்றும் அவனுடைய சொத்து. அதே மூளை கணக்காய்வுக்குப் பயன்படும், கப்பல் சரக்குக் கந்தோருக்குப் பயன்படும், ஏற்றுமதிக் கம்பனிக்கும் வைத்தியசாலைப் பதிவுப் பகுதிக்கும் பயன்படும். ஏ.ஏ.டி. போன்ற கணக்கியல் படிப்பை வேலை செய்து கொண்டே படிக்கலாம். தொடக்கச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். அந்தக் குறைவை வீடு தாங்க வேண்டும். இங்கேதான் உங்கள் பங்கு வருகிறது.

வாப்பாவின் மருந்து, பெண் பிள்ளைகளின் படிப்பு, அரிசி, மின்கட்டணம் என்று ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். உண்மையில் மாதத்துக்கு என்ன தேவை என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். மருந்தை அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் எடுக்க முடியுமா என்று விசாரியுங்கள். சொந்தத்தில் வசதியுள்ளவர்களிடமும், பள்ளிவாசல் ஸகாத் குழுவிடமும் கேட்பதில் வெட்கம் இல்லை. ஹலாலான உதவிக்குக் கை நீட்டுவது, ஹராமான சம்பளத்துக்குக் கை நீட்டுவதைவிடக் கண்ணியமானது. மகன் குறைந்த சம்பளத்தைக் கொண்டு வரும் முதல் மாதத்தில், "அந்த வேலைக்குப் போயிருந்தால்" என்ற சொல் மட்டும் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. அவனுடைய தங்கைமாரின் வாயிலிருந்தும் வரக் கூடாது. ஹலாலை நாடி விட்டுக் கொடுத்த பிள்ளையை வீடே குத்திக் காட்டினால், அடுத்த தடவை அவன் நம்மிடம் கேட்க மாட்டான்.

ஏற்கெனவே புருஷன் இத்தகைய இடத்தில் இருக்கிறார் என்றால்? அவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டை உடைக்காதீர்கள். பிள்ளைகளின் முன்னால் "வாப்பாவின் உழைப்பு ஹராம்" என்று சொல்லாதீர்கள். இருவரும் தனியாக உட்கார்ந்து, ஆலிமிடம் கேட்டு, விலகுவதற்கு ஒரு தவணை குறித்துக் கொள்ளுங்கள். அந்தத் தவணைக்குள் புதிய கடன் வேண்டாம், தவணைக்கு வாகனம் வேண்டாம், வீட்டுக்குப் புதிய தளபாடம் வேண்டாம். செலவு உயர்ந்தால் வேலையை விடும் துணிவு குறையும். பந்தயக் கம்பனியின் சம்பளத்துக்கு ஏற்றபடி வீட்டைக் கட்டியவர்கள், அந்த வீட்டைக் காப்பாற்றவே அங்கே இருந்துவிடுகிறார்கள். இதுவரை சேர்ந்த பணத்தை என்ன செய்வது என்பதையும் ஆலிமிடமே கேளுங்கள். ஆளுக்கு ஆள் நிலைமை வேறுபடும்.

அல்லாஹ்வைப் பயந்து நடப்பவருக்கு அவன் ஒரு வழியை உண்டாக்குகிறான், எண்ணிப் பாராத புறத்திலிருந்து இரணம் அளிக்கிறான் என்ற கருத்தை அத்தலாக் அத்தியாயத்தில் ஓதுகிறோம். வழி என்பது நாளை காலையில் கதவைத் தட்டும் என்று அர்த்தமல்ல. அது விண்ணப்பம் எழுதுவதில் இருக்கலாம், நாலு கந்தோர்ப் படி ஏறி இறங்குவதில் இருக்கலாம், குறைந்த சம்பளத்தோடு ஓர் இரண்டு வருடம் பொறுமையாக இருப்பதில் இருக்கலாம். அந்தக் காலத்தைத் தாங்கும் பலத்தை உங்களுக்கும், நேரான உழைப்பை உங்கள் மகனுக்கும், ஷிபாவை அவனுடைய வாப்பாவுக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
உங்கள் ராத்தா